விலையறிந்து வழங்கிய ஓவியர்

மருத்துவ ஆராய்ச்சிக்கெனப் பணம் திரட்டும் பொருட்டு ஓவியக் கண்காட்சி நடத்துதல் இக்காலத்தில் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. வாழும் ஓவியர்கள் தம் படங்களை இனாமாக அளிக்கின்றனர். மக்கள் வந்து பார்க்கின்றனர். விற்ற பணம் நோய்க்கு மருந்து தேடும் நிலையங்களைச் சென்றடைகின்றது. இதனைக் காணும்பொழுது இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. நோயுற்றவனுக்குப் படம் எதற்கு, நேரே பணத்தைக் கொடுத்துவிடலாகாதா என்பது ஒன்று. கைத்தொழிலால் வாழும் ஓவியனிடம் அவன் உழைப்பை இனாமாகக் கேட்பது முறையாகுமா என்பது மற்றொன்று. இவ்விரு ஐயங்களுக்கும் தம் வாழ்க்கையாலேயே விடையளித்துச் சென்ற ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்தார். அவரே வில்லியம் ஹோகார்த்.

ஆங்கில மக்களின் அன்றாட வாழ்க்கையை எள்ளி நகையாடிய சித்திரக்காரர் என்றே ஹோகார்த்தைப் பலரும் அறிவர். அவரை ஓர் அறச்சாலையின் காவலராகவும் அறிவோர் சிலரே. வாழும் ஓவியரின் படைப்புகளை ஓரிடத்தில் தொங்கவிட்டு, அவற்றைக் காண வருவோரின் கருணையால் கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பதை இங்கிலாந்துக்குக் காட்டியவர்களுள் முதல்வர் அவர்.

கடன்பட்ட ஆசிரியரின் மகன்

இலண்டனில் ஸ்மித்பீல்ட் சந்தைக்கு அண்மையில், புனித பார்த்தலோமியு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில், 1697ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆந் திகதி ஹோகார்த் பிறந்தார். தந்தையார் ரிச்சட் ஹோகார்த் ஓர் இலத்தீன் ஆசிரியர். மாணவர்க்கெனப் பாடநூல்களை எழுதியவர். கல்வி மிகுந்திருந்தும் காசு சேரவில்லை. இலத்தீன் மொழியில் உரையாட விரும்புவோர் கூடுவதற்கென அவர் ஒரு கோப்பிக்கடை திறந்தார். மொழியில் ஆர்வமுடையோர் வந்தனரோ இல்லையோ, கடன் கொடுத்தோர் தவறாது வந்தனர். கடை மூடப்பட்டது. கடனாளிகளை அடைத்து வைக்கும் பிளீட் சிறைச்சாலையின் எல்லைக்குள் அவரும் குடும்பமும் சில ஆண்டுகளைக் கழிக்க நேர்ந்தது.

சிறுவன் வில்லியத்தின் உள்ளத்தில் இவ்வாண்டுகள் ஆறாத வடுவை உண்டாக்கின. தந்தையின் நூல்களால் வருவாய் பெற்றவர்கள் புத்தக வியாபாரிகள். அவற்றை எழுதியவருக்கு மிஞ்சியது ஏமாற்றமே. விடுதலை பெற்றபின்னும் தலைநிமிர இயலாது 1718இல் தந்தையார் காலமானார். புத்தக வியாபாரிகளின் நடத்தையே அவரை அழித்தது என ஹோகார்த் இறுதிவரை நம்பினார். அறிவையும் கலையையும் விற்று வாழ்பவன் தன் பொருளின் விலையைத் தானே அறிந்திருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் கற்றது எந்தப் பள்ளிக்கூடத்திலுமன்று, அக்கடன்சிறையின் நிழலிலேயாம்.

வெள்ளிப் பாத்திரங்களிற் குலச்சின்னங்களைச் செதுக்கும் எல்லிஸ் காம்பிள் என்பவரிடம் அவர் தொழில் பழகச் சென்றார். பழகும் காலம் முடியுமுன்னரே அதை விட்டு நீங்கி, 1720இல் தாமே செப்புத்தகட்டிற் படஞ்செதுக்கும் தொழிலைத் தொடங்கினார். ஓய்ந்த வேளையில் ஓவியப் பள்ளியிற் பயின்றார். அரசவை ஓவியரான சேர் ஜேம்ஸ் தோர்ன்ஹில் நடத்திய இலவசப் பள்ளியிலும் சேர்ந்தார். அங்கே ஓவியத்தோடு காதலும் வளர்ந்தது. 1729ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தோர்ன்ஹில்லின் மகள் ஜேனைத் தந்தையறியாது அழைத்துச் சென்று மணம் புரிந்தார். மாமனாரின் சினம் நாளடைவில் தணிந்தது. மருமகனின் திறமை அச்சினத்தை விடப் பெரிதாக வளர்ந்து வந்ததும் அதற்கொரு காரணமாகலாம்.

உரிமைச் சட்டம்

கிராமத்திலிருந்து இலண்டனுக்கு வரும் பேதைப் பெண்ணொருத்தி தீயோர் கையிற் சிக்கி, சீரழிந்து, நோயுற்று இறக்கும் கதையை ஆறு படங்களாக ஹோகார்த் தீட்டினார். 1732இல் அவற்றின் அச்சுப்படங்கள் வெளிவந்தன. ஒரு தொகுதியின் விலை ஒரு கினி, அதாவது 21 சிலிங். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்பணங் கட்டி வாங்கினர். ஆனால் அப்படங்களைப் பிறர் பார்த்துச் செதுக்கிக் குறைந்த விலைக்கு விற்கவும் தொடங்கினர். தந்தைக்கு நேர்ந்தது மகனுக்கும் நேரும் போலிருந்தது.

ஹோகார்த் தந்தையைப் போலத் துவண்டுவிடவில்லை. தம்மையொத்த கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு விண்ணப்பஞ் செய்தார். அதன் பயனாகப் பிறந்தது 1735ஆம் ஆண்டுச் சட்டம். செதுக்குப் படமொன்றை ஆக்கியவருக்கே அதனை அச்சிட்டு விற்கும் உரிமை பதினான்கு ஆண்டுகளுக்கு உண்டென அது விதித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த யூன் 25ஆந் திகதி வரை காத்திருந்து, அன்றுதான் தமது அடுத்த தொகுதியாகிய ஊதாரி வாலிபனின் கதையை எட்டுப் படங்களில் அவர் வெளியிட்டார். இன்றும் அச்சட்டத்தை ஹோகார்த் சட்டம் எனக் குறிப்பிடுவதுண்டு.

இவ்வரலாற்றை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. தம் படமொன்றின் ஒரு சிலிங்கையும் பிறர் கவர விடாது போராடிய இதே மனிதர்தாம், அடுத்த பதினைந்தாண்டுகளில் தம்முடைய மிகப் பெரிய ஓவியங்கள் சிலவற்றை ஒரு காசும் பெறாது வழங்கினார். விலை தெரியாதவன் கொடுப்பது வேறு. விலையை நன்கறிந்தவன் கொடுப்பது வேறு.

குளக்கரையில் நோயாளிகள்

முதற் கொடை, அவர் பிறந்த தெருவுக்கு அயலிலிருந்த பார்த்தலோமியு ஆஸ்பத்திரிக்குச் சென்றது. அங்கே புதிதாகக் கட்டப்பட்ட மாளிகையின் படிக்கட்டுச் சுவர்களை அணிசெய்ய வெனிஸ் நகரத்து ஓவியர் அமிகோனியை அமர்த்தப் போவதாகச் செய்தி பரவியது. இதைக் கேட்ட ஹோகார்த், ஊதியமின்றித் தாமே அப்பணியைச் செய்து தருவதாக முன்வந்தார். அயல்நாட்டு ஓவியரையே போற்றிய அக்காலத்துச் செல்வர்மீது அவருக்கிருந்த மனக்கசப்பும் இதற்கொரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நற்செயல்களின் வேரில் தன்மானமும் கலந்திருத்தல் குற்றமாகாது.

பெதஸ்தா குளக்கரையில் இயேசுநாதர் நோயாளியைக் குணப்படுத்தும் காட்சியை 1736இலும், நல்ல சமாரியன் காட்சியை 1737இலும் அவர் முடித்தார். முதலாவது படம் ஏறத்தாழ இருபதடி அகலமானது. குளக்கரையிற் கூடியிருப்போர் வெறும் கற்பனை உருவங்களாகத் தோன்றவில்லை. வீங்கிய மூட்டுகளும் வெளிறிய முகங்களும் வளைந்த என்புகளுமாக ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பிணி காணப்படுகின்றது. அவ்வாஸ்பத்திரியின் நோயாளிகளையே பார்த்து அவர் தீட்டினார் என்பது மரபு. பிற்கால வைத்தியர்கள் அப்படத்தின் முன் நின்று, இன்னாருக்கு இன்ன நோய் என அடையாளங் காண முயன்று வந்துள்ளனர். நோயாளிகளைப் பேணும் இடத்தில் அவர்களுடைய துன்பத்தையே மறைக்காது, அதேவேளை இழிவுபடுத்தாது காட்டிய அப்படங்கள் இன்றும் அச்சுவர்களிலே உள்ளன. ஏறத்தாழ அதே காலத்தில், போலி வைத்தியர்களைப் பிணப்பெட்டி வியாபாரிகளின் கூட்டமாகக் கேலி செய்யும் அச்சுப்படமொன்றையும் அவர் வெளியிட்டார். மருத்துவத்தை மதித்தவராதலின் அதன் போலிகளை அவரால் மன்னிக்க இயலவில்லை.

கப்டன் கோரம்

இக்காலத்தில் இலண்டன் வீதிகளில் ஒரு கிழமாலுமி நடந்து திரிந்தார். அவர் பெயர் தோமஸ் கோரம். இளமையிலேயே கடலுக்குச் சென்று, அமெரிக்கக் குடியேற்ற நாட்டிற் கப்பல் கட்டிப் பிழைத்து, பின்னர் நாடு திரும்பியவர். அதிகாலையில் நகருக்குள் வரும் வழியில், தெருவோரங்களில் வீசப்பட்ட பச்சிளங் குழந்தைகளைக் கண்டார். சில இறந்து கிடந்தன, சில இறந்துகொண்டிருந்தன. ஏழைத் தாய்மார், சிறப்பாக மணமாகாத தாய்மார், வறுமைக்கும் பழிக்கும் அஞ்சிக் குழந்தையைக் கைவிட்டனர். இக்குழந்தைகளுக்கோர் இல்லம் வேண்டுமெனப் பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாயில்தோறும் சென்று கோரம் வேண்டினார். ஒழுக்கக் கேட்டுக்கு உதவுவதாகும் என்று பலர் மறுத்தனர். உயர்குலப் பெண்மணிகள் இருபத்தொருவர் கையொப்பமிட்ட விண்ணப்பமே இறுதியில் வழிதிறந்தது. 1739ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் சாசனம் வழங்கினார்.

கைவிடப்பட்ட குழந்தைகளின் ஆஸ்பத்திரி என்பது அதன் பெயர். அந்நாளில் ஆஸ்பத்திரி என்னும் சொல், நோய் தீர்க்கும் இடத்தை மட்டுமன்றிப் புகலிடத்தையுங் குறித்தது. அதன் முதற் காவலர்களுள் ஹோகார்த்தும் ஒருவரானார். ஹோகார்த் தம்பதியருக்கு மக்கட்பேறு இல்லை. குழந்தைகளின் சீருடையை வகுத்ததும், இல்லத்தின் இலச்சினையை வரைந்ததும் அவரே.

1740இல் கோரத்தின் முழு உருவப் படத்தைத் தீட்டி அவ்வில்லத்துக்கு அவர் அளித்தார். எட்டடி உயரமான அப்படம், தூணும் திரையுமாக அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய முறையில் அமைந்தது. ஆனால் அதில் வீற்றிருப்பவரோ பொய்ம்மயிர் அணியாத, நரைத்த தலையும் செந்நிற அங்கியும் உடைய கப்பற்காரர். கால்கள் நிலத்தை முற்றாகத் தொடவில்லை. கையில் மன்னரின் சாசன முத்திரை. அருகே கடலும் கப்பலும். பிறப்பால் வரும் பெருமையை விடச் செயலால் வரும் பெருமை குறைந்ததன்று என்பதை அப்படம் ஓசையின்றி உணர்த்துகின்றது. தாம் வரைந்த உருவப்படங்களுள் இதனையே பெரிதும் விரும்பித் தீட்டியதாக ஹோகார்த் பின்னாளில் எழுதி வைத்தார்.

1741ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி இரவு, ஹற்றன் கார்டன் என்னும் இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இல்லத்தின் கதவு திறந்தது. முப்பது குழந்தைகள் எடுக்கப்பட்டதும் இடம் நிரம்பிவிட்டது. எஞ்சிய தாய்மார் அழுதவண்ணம் திரும்பினர். பின்னர் கூட்டம் பெருகவே, பையில் இட்ட நிறப்பந்துகளைக் கொண்டு தெரிவு செய்யும் முறை வந்தது. வெள்ளைப் பந்தை எடுத்த தாயின் குழந்தைக்கு இடமுண்டு. சிவப்பாயின் காத்திருக்க வேண்டும். கறுப்பாயின் போய்விட வேண்டும். ஒரு நாள் மீட்டெடுக்கலாம் என்ற நம்பிக்கையில், குழந்தையை ஒப்படைத்த தாய்மார் துணித்துண்டு, பாதி நாணயம், சிறு மணி முதலியவற்றை அடையாளமாக விட்டுச் சென்றனர். அவ்வடையாளங்களுட் பல இன்றும் பேணப்பட்டுள்ளன. திரும்பி வந்து மீட்டவர்களோ மிகச் சிலர்.

சுவர் கிடைத்தது

கட்டடக் கலைஞர் தியோடோர் ஜேக்கப்சனின் திட்டப்படி நகரின் வடபுறத்து வெளியில் புதிய மாளிகை எழுந்தது. அதன் முதற் பகுதி 1745இல் நிறைவெய்தியது. சுவர்கள் வெறுமையாய் இருந்தன. அச்சுவர்களைக் கண்ட ஹோகார்த்தின் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது.

அக்காலத்தில் இலண்டனில் வாழும் ஓவியன் தன் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுதற்கு ஏற்ற இடம் இல்லை. வாக்ஸ்ஹோல் உல்லாசத் தோட்டத்தின் உணவுக் கூடங்களில் சில படங்கள் தொங்கின. மற்றப்படி, பழைய இத்தாலிய ஓவியங்களை ஏலத்தில் எடுத்துச் செல்வர் தம் மாளிகைக்குள் பூட்டி வைத்தனர். மக்கள் உள்நாட்டு ஓவியரை அறியார். ஓவியரும் மக்களை அறியார். இந்நிலையில் அறச்சாலையின் சுவர் இருபாலாருக்கும் உதவக்கூடும் என ஹோகார்த் கண்டார். ஓவியர் படங்களை வழங்கட்டும். அவற்றைக் காண்பதற்கு நகரத்தார் வரட்டும். வந்தவர் குழந்தைகளையுங் காண்பர். கண்டவர் கொடாது செல்லார். படத்துக்கும் புகழ் கிடைக்கும்; பசித்த வாய்க்கும் பால் கிடைக்கும்.

அவருடைய அழைப்பை ஏற்றுப் பிரான்சிஸ் ஹேமன், ஜோசப் ஹைமோர், அலன் ராம்சே, ரிச்சட் வில்சன், சிற்பி ரைஸ்பிராக் முதலியோர் படைப்புகளை அளிக்க முன்வந்தனர். 1746ஆம் ஆண்டின் இறுதியில் அக்கலைஞர்கள் இல்லத்தின் காவலர்களாகத் தெரிவு செய்யப்பட்டனர். ஆண்டுதோறும் நவம்பர் 5ஆந் திகதி அங்கே கூடி விருந்துண்பதென்றும் முடிவாயிற்று. கொடுத்தவரைக் காவலராக்கியமை நோக்கத்தக்கது. ஓவியர் அங்கே கூலிக்காரராகவோ இரக்கத்துக்குரியவராகவோ நடத்தப்படவில்லை. பிரபுக்களோடு சரியாசனம் பெற்றனர்.

இல்லத்தின் சபா மண்டபத்துக்கு நான்கு பெரிய படங்கள் அமைந்தன. ஹேமன் குழந்தை மோசேயைக் கண்டெடுக்கும் காட்சியையும், ஹைமோர் பாலைவனத்தில் ஆகாரையும் இஸ்மவேலையும், ஜேம்ஸ் வில்ஸ் சிறுபிள்ளைகளை அழைக்கும் இயேசுநாதரையும் தீட்டினர். ஹோகார்த் தேர்ந்தெடுத்தது, வளர்ந்த மோசே பார்வோனின் மகளிடம் ஒப்படைக்கப்படும் தருணம். அதிலே சிறுவன் அரசகுமாரியின் முன் நிற்கின்றான். ஆனால் அவன் கை செவிலியின் ஆடையை விடவில்லை. அச்செவிலியோ உண்மையில் அவனைப் பெற்ற தாய். அவள் கையில் அரண்மனை ஊழியன் வளர்ப்புக் கூலியை எண்ணி வைக்கின்றான்.

இல்லத்தின் நடைமுறையை அறிந்தோர் இப்படத்தின் முன் மனங்கலங்காதிருத்தல் அரிது. ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் நாட்டுப்புறத்துச் செவிலித் தாய்மாரிடம் அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஐந்து வயதில் இல்லத்துக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். தாயென அறிந்த ஒருத்தியை அக்குழந்தை அன்று இரண்டாம் முறையாக இழந்தது. காவலர் கூடிக் கணக்குப் பார்க்கும் மண்டபத்திலேயே, கணக்கில் அடங்காத இத்துயரை ஹோகார்த் எழுதி மாட்டினார். நேரே பணம் கொடுத்தால் போதாதா என்ற ஐயத்துக்கு இப்படம் ஒரு விடை. பணம் குழந்தையை உயிரோடு வைத்திருக்கும். அக்குழந்தைக்கும் நெஞ்சம் உண்டென்பதைக் கொடுப்பவர்க்கு நினைவூட்டுவது கலையின் வேலை.

சீட்டும் சங்கீதமும்

1750இல் இல்லத்துக்கு மற்றுமொரு படம் வந்து சேர்ந்தது. 1745ஆம் ஆண்டுக் கலகத்தின்போது, பின்ச்லியை நோக்கிப் புறப்படும் காவற்படையினரின் ஒழுங்கீனத்தை நகைச்சுவையோடு காட்டிய படம் அது. அதன் அச்சுப்படத்துக்கு ஏழு சிலிங் ஆறு பென்ஸ் விலை குறித்து, மேலும் மூன்று சிலிங் செலுத்துவோர்க்கு மூல ஓவியத்துக்கான லொத்தர்ச் சீட்டொன்றும் உண்டென ஹோகார்த் அறிவித்தார். 1,843 சீட்டுகள் விலைப்பட்டன. எஞ்சிய 167 சீட்டுகளைக் குழந்தைகள் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். ஏப்பிரல் 30ஆந் திகதி சீட்டிழுக்கப்பட்டபோது பரிசு இல்லத்துக்கே விழுந்தது. அச்சுப்படங்களால் ஓவியருக்குப் பணம் வந்தது. மூலப்படத்தால் இல்லத்துக்குப் புகழ் வந்தது. தன்னலத்தையும் பிறர்நலத்தையும் ஒரே நுகத்திற் பூட்டி உழும் வித்தையை அவரினும் நன்கறிந்தார் அரியர்.

மறுநாள், மே 1ஆந் திகதி, இல்லத்தின் ஆலயத்தில் இசைமேதை ஹாண்டெல் தமது மெசையா இசைநாடகத்தை நிகழ்த்தினார். இடங்கொள்ளாத கூட்டம் வந்தமையால் அதே மாதம் 15ஆந் திகதி மீண்டும் நிகழ்த்த வேண்டியதாயிற்று. பின்னர் ஆண்டுதோறும் நடைபெற்ற அந்நிகழ்ச்சிகளால் இல்லத்துக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 7,000 பவுண். ஓவியம் திறந்த கதவின் வழியே இசையும் வந்தது.

மருத்துவம் கற்ற பாடம்

அவ்வில்லம் மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தோன்றியதன்று. ஆயினும் நூற்றுக்கணக்கான சிசுக்களை ஒருங்கே வளர்க்க முயன்றபொழுது, சிசு ஏன் இறக்கிறது என்ற வினாவை எவராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. மன்னரின் வைத்தியரான ரிச்சட் மீட் இல்லத்தின் காவலர்களுள் ஒருவர். அவருடைய உருவப்படத்தை அலன் ராம்சே தீட்டி இல்லத்துக்கு அளித்தார். வைத்தியர் வில்லியம் கடோகன், குழந்தை வளர்ப்பைப் பற்றிக் காவலர் ஒருவருக்கு எழுதிய கட்டுரை 1748இல் அச்சாகியது. குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றுதல் தீது, தாய்ப்பாலே நன்று, காற்றும் அசைவும் வேண்டும் என அது வற்புறுத்தியது. இன்று எந்தத் தாயும் அறிந்த இவ்வுண்மைகள் அன்று புதுமையாயிருந்தன.

பெரியம்மையைத் தடுக்க, நோயாளியின் அம்மைக் கொப்புளத்திலிருந்து சிறிது நீரெடுத்து நலமுள்ளவரின் தோலிற் குத்தும் முறையும் அங்கே கையாளப்பட்டது. ஹோகார்த் மறைந்த மூன்றாண்டுகளின் பின், 1767இல், இல்லத்து வைத்தியர் வில்லியம் வாட்சன் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார். அம்மை குத்துமுன் இரு பிரிவினருக்கு வெவ்வேறு பேதி மருந்துகளைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு ஒன்றும் கொடாது விட்டு, ஒவ்வொரு குழந்தையின் உடலிலும் எழுந்த கொப்புளங்களை எண்ணி ஒப்பிட்டார். வழக்கமாகக் கொடுக்கப்பட்ட கடும் மருந்துகளாற் பெரும்பயன் இல்லையெனப் புலப்பட்டது. ஒப்பிட்டு எண்ணி அறியும் மருத்துவச் சோதனையின் தொடக்க முயற்சிகளுள் இதனையும் வைத்து எண்ணுவர். ஆயினும் அக்குழந்தைகளின் சார்பில் சம்மதமோ மறுப்போ கூறப் பெற்றோர் எவரும் அங்கில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆதரவற்றோரின் உடல் பிறருக்குப் பயன்பட்ட கதை அதனுள் அடங்கியுள்ளது.

கருணைக்கும் எல்லையுண்டு என்பதை அவ்வில்லத்தின் வரலாறே காட்டிற்று. 1756இல் பாராளுமன்றம் பணவுதவி வழங்கி, கொண்டுவரப்படும் எல்லாக் குழந்தைகளையும் ஏற்குமாறு பணித்தது. நான்காண்டுக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து குவிந்தனர். அவர்களுட் தொழில் பழகும் வயதுவரை உயிர்வாழ்ந்தோர் மூன்றிலொரு பங்கினரும் இல்லர். 1760இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஓவியமும் இசையும் அரசின் பணமும் சேர்ந்தும், அறிவும் ஆயத்தமும் இல்லாத இடத்தில் மரணத்தைத் தடுக்க இயலவில்லை. கொடையோடு ஆராய்ச்சியும் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஹோகார்த் இவற்றைத் தூரத்தே நின்று பார்த்தவரல்லர். 1749இல் சிஸ்விக் கிராமத்தில் அவர் ஒரு வீடு வாங்கினார். அவரும் ஜேனும் அக்கிராமத்துச் செவிலித் தாய்மாரை மேற்பார்த்து, இல்லத்துக் குழந்தைகள் சிலரைத் தம் வீட்டிலும் வைத்துப் பேணினர். தோட்டத்து முசுக்கட்டை மரத்தின் பழங்களால் அக்குழந்தைகளுக்குப் பணியாரஞ் செய்து கொடுப்பர் எனச் செவிவழிச் செய்தியுண்டு. அம்மரம் இன்றும் அங்கே நிற்கின்றது. 1751இல் அவர் வெளியிட்ட ஜின் ஒழுங்கை என்னும் படத்தில், குடிவெறியில் தன் கைக்குழந்தை நழுவி வீழ்வதையும் உணராத தாயொருத்தியைக் காண்கின்றோம். ஏழைகளும் வாங்கத்தக்கதாக ஒரு சிலிங் விலைக்கு அது விற்கப்பட்டது. அதே ஆண்டில் சாராய விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது.

விருந்தில் விளைந்த கண்காட்சி

ஆண்டுதோறும் நவம்பர் 5ஆந் திகதி இல்லத்திற் கூடிய கலைஞர்கள் 1759ஆம் ஆண்டு விருந்தின்போது ஒரு தீர்மானத்துக்கு வந்தனர். மக்கள் இத்துணை ஆவலோடு நம் படங்களைக் காண வருகின்றனர். ஆகவே பொதுக் கண்காட்சியொன்றை நாமே நடத்துவோம் என்பதே அது. 1760ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, கலைச் சங்கத்தின் மண்டபத்தில் அது தொடங்கியது. 69 கலைஞரின் 130 படைப்புகள் இடம்பெற்றன. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். முதுமையாலும் பிணியாலும் தளர்ந்த கலைஞர்க்கு உதவும் நிதியைத் திரட்டலும் அதன் நோக்கமாயிருந்தது. குழந்தைகளுக்காகக் கொடுத்துப் பழகிய கைகள், தம்முள் நலிந்தாரைத் தாங்கவும் கற்றுக்கொண்டன.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் ஹோகார்த்தும் பங்குபற்றி, அதன் விவரப் புத்தகத்துக்கு இரு படங்களை வரைந்து கொடுத்தார். முகப்பில், பிரித்தானிய அன்னை ஓவியம், சிற்பம், கட்டடக்கலை என்னும் மூன்று இளமரங்களுக்கு நீர் வார்க்கின்றாள். இறுதியில், அழகாக உடுத்த குரங்கொன்று பட்டுப்போன மூன்று மரக்கட்டைகளுக்கு நீர் வார்க்கின்றது. செத்தவரின் படங்களுக்குப் பொன்னைக் கொட்டி, வாழ்வாரைப் பட்டினியிடும் உலகத்தை இதனினும் சுருக்கமாகச் சாடல் இயலாது. இவ்வகைக் கண்காட்சிகளின் வழியில் 1768இல் அரச கலைக்கழகம் தோன்றியது. ஹோகார்த் அதைக் காண இருக்கவில்லை. இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பாரென்றுங் கூற இயலாது. அரசாணையாற் கலை வளருமென்பதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை.

இறுதி ஆண்டுகள் கசப்பானவை. அவர் பெரிதும் எதிர்பார்த்துத் தீட்டிய சிகிஸ்முண்டா என்னும் படத்தை, கேட்டவரே ஏற்க மறுத்தார். அரசியற் பூசலில் பழைய நண்பர்கள் பகைவராயினர். 1764ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி இரவு, இலண்டனிலுள்ள தம் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. சிஸ்விக் ஆலய முற்றத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். நடிகர் காரிக் அவருக்குக் கல்லறைக் கவிதை எழுதினார். விதவையான ஜேன் கணவரின் செப்புத்தகடுகளைக் கொண்டே வாழ்ந்தார். உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அப்படங்களை வெளியிடும் தனியுரிமையைப் பாராளுமன்றம் அவருக்கு மேலும் இருபதாண்டுகள் வழங்கிற்று. கணவர் வென்ற சட்டமே மனைவியைக் காத்தது.

அவ்வில்லத்தின் பழைய மாளிகை இன்றில்லை. 1926இல் அந்நிலம் விற்கப்பட்டுப் பின்னர் கட்டடமும் இடிக்கப்பட்டது. அந்நிலத்தின் ஒரு பகுதி சிறுவர் விளையாட்டிடமாக உள்ளது. குழந்தையொன்றைக் கூட்டிச் செல்லாத பெரியவர்க்கு அங்கே அனுமதியில்லை. சபா மண்டபத்தை அப்படியே பெயர்த்து அருகே வேறோரிடத்தில் அமைத்துள்ளனர். 2004இல் அது அரும்பொருட் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. செவிலியின் ஆடையைப் பற்றிய சிறுவன் அங்கே இன்னும் நிற்கின்றான்.

அறத்தின் பொருட்டுக் கலைஞனை நாடுவோர் ஹோகார்த்தின் வாழ்க்கையிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவனுடைய உரிமையைக் காத்துக் கொடுங்கள். அவனுடைய உழைப்புக்கு மதிப்புக் கொடுங்கள். கொடையளித்த பின் அவனுக்கும் அந்தச் சபையில் ஓராசனம் கொடுங்கள். அவ்வாறு செய்யின் அவன் கொடுப்பது பிச்சையாகாது, பங்காகும். கடன்சிறையின் நிழலில் வளர்ந்த சிறுவன் இதைத்தான் இலண்டன் மாநகருக்குக் கற்பித்தான்.